ஹீட்டர் போட்ட வாளியில் கை சுரீரென்கிறது: என்ன செய்வது?

வாசகர் கடிதம்: தக்கலையை அடுத்த ஓர் ஊரில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். மூத்த மகள் இரண்டாவது பிரசவத்துக்காக வந்திருக்கிறாள். இது எட்டாம் மாதம். அவளுடைய நான்கு வயது மகனும் கூட இருக்கிறான். விறகுப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று என் கணவர் 1500 வாட் ஹீட்டர் ராடு ஒன்று வாங்கி வந்தார். அதன் பிளக் பெரிதாக இருந்ததால் கடையிலேயே ஒரு கன்வெர்ட்டர் பிளக் கொடுத்தார்கள். குளியலறை வெளியே இருப்பதால் படுக்கையறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் கரண்ட் எடுக்கிறோம். அந்தப் பெட்டியின் வயருக்கு இரண்டு பின் பிளக்தான். சூடு பார்க்க விரல் வைத்தபோது எனக்கு இரண்டு முறை சுரீரென்றது. அதில் ஒரு முறை பெட்டியின் ஸ்விட்சை அணைத்த பிறகு. மகளும் ஒரு நாள் அப்படிச் சொன்னாள். ரப்பர் செருப்பு போட்டால் போதும் என்கிறார் கணவர். அது சரியா? பிரசவத்துக்குப் பிறகு வேது வெள்ளம் (இலைகள் போட்டுக் காய்ச்சிய குளியல் வெந்நீர்) போட, எங்கள் செம்பு அண்டாவில் இலைகளோடு சேர்த்து இந்த ராடைப் போடலாமா? மாலை நேரத்தில் தண்ணீர் சூடாக ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? கரண்டில் காய்ந்த தண்ணீர் குழந்தைக்கு ஆகாது, முடி கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரணங்களைப் பிறகு சொல்கிறேன். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஹீட்டரை இன்றே நிறுத்திவிடுங்கள். கீழே எழுதியிருக்கும் வேலைகள் முடிகிற வரைக்கும் விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ தண்ணீர் சுட வையுங்கள். புகை தொந்தரவாக இருந்தால் உங்கள் மகளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லலாம். மின்சாரத்தைத் தள்ளி உட்காரச் சொல்ல முடியாது. மகளுக்கும் அந்தச் சுரீர் பட்டிருக்கிறது என்று எழுதியிருப்பதால், அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல், அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். இலேசான ஷாக் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் போய்விடும் என்றாலும், வயிற்றில் குழந்தை இருக்கும்போது அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே தவிர, நானோ நீங்களோ அல்ல.

இனி, அந்தச் சுரீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஹீட்டர் ராடின் உள்ளே நிக்ரோம் என்னும் உலோகக் கலவையால் ஆன கம்பிச் சுருள் இருக்கிறது; கரண்ட் ஓடுவதும் சூடாவதும் அந்தச் சுருள்தான். அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கமாக அடைத்து, அதற்கு மேல் ஓர் உலோகக் குழாயைப் போர்த்தியிருப்பார்கள். அந்தத் தூள் சூட்டை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. ஆனால் விடாது என்பது முழுக்க விடாது என்று பொருளல்ல. நல்ல நிலையில் இருக்கும் புது ராடில்கூட மிகச் சிறிய அளவு மின்சாரம் தூளைத் தாண்டி வெளிக்குழாய்க்குக் கசியத்தான் செய்யும். ராடு பழையதாகி, குழாயில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிட்டால் அந்தக் கசிவு பல மடங்காகும். கசிகிற மின்சாரம் ஏதாவது ஒரு வழியில் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கென்று பாதை போடுவதற்காகவே வெளிக்குழாயை எர்த் வயரோடும், எர்த் வயரை பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னோடும் இணைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் குளத்துக்கு மறுகால் எப்படியோ அப்படித்தான் ஹீட்டருக்கு எர்த்: சாதாரண நாளில் அதில் ஏறக்குறைய ஒன்றும் ஓடுவதில்லை, ஆனால் மிகுதியானது வரும்போது அது இல்லாவிட்டால் கரை எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் அது உடைந்த இடம் உங்கள் விரல்.

எர்த் உங்கள் ஹீட்டருக்குக் கிடைக்கவே இல்லை என்பதை நேரில் பாராமலே சொல்ல முடிகிறது. நீங்கள் எழுதியதிலேயே அது இருக்கிறது. கடையில் தந்த கன்வெர்ட்டர் பிளக்கின் உள்ளே எர்த்துக்கான தகடு சரியாகத் தொடுகிறதா என்பது முதல் சந்தேகம். அது சரியாகவே இருந்தாலும், எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வயர் முனையில் இரண்டு பின் பிளக்தான் இருக்கிறது என்கிறீர்கள். அந்த இடத்திலேயே பாதை அறுந்துவிட்டது. அதற்கும் அப்பால், பழைய ஓட்டு வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) என்று இரண்டு வயர் மட்டும் ஓட்டிவிட்டு, சுவிட்ச் போர்டில் மட்டும் மூன்று துளை உள்ள சாக்கெட்டை மாட்டி வைத்திருப்பதை இந்தத் தொழிலில் நான் நிறையப் பார்க்கிறேன். மேல் துளைக்குப் பின்னால் ஒரு வயரும் இருக்காது. துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் ஏன் சுரீரென்றது என்ற உங்கள் குழப்பத்துக்கும் விடை அந்த இரண்டு பின் பிளக்கிலேயே இருக்கிறது. மூன்று பின் பிளக்கை ஒரே ஒரு விதமாகத்தான் செருக முடியும். இரண்டு பின் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். ஒரு நாள் நீங்கள் செருகியபோது பெட்டியின் ஸ்விட்ச் ஃபேஸ் வயரில் அமைந்திருக்கும். அன்றைக்கு அணைத்தால் உண்மையாகவே அணைந்துவிடும். இன்னொரு நாள் திருப்பிச் செருகியிருப்பீர்கள்; அன்றைக்கு ஸ்விட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், சுருள் முழுவதும் ஃபேஸ் அப்படியே நிற்கும், தண்ணீர் மட்டும் சூடாகாது. ஹீட்டர் நின்றுவிட்டது என்று நாம் கையை வைப்போம். அதனால்தான் ஸ்விட்சை அணைப்பதோடு நிறுத்தாமல், சுவரிலிருந்து பிளக்கை உருவிக் கையில் எடுத்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும் என்று சொல்லுகிறோம். இந்த ஒரு பழக்கத்துக்கு எந்தச் செலவும் இல்லை. ஹீட்டரால் நேரும் சாவுகளில் பல, கரண்ட் இருக்கும்போதே சூடு பார்க்க விரலை விட்டதாலோ ராடைத் தொட்டதாலோ நேர்பவை.

உங்கள் கணவர் சொல்லும் ரப்பர் செருப்பைப் பற்றி: காய்ந்த செருப்பு, காய்ந்த தரை என்றால் ஓரளவுக்குத் தடுக்கும். ஈரமான குளியலறையில், நனைந்த செருப்பின் மேல் நனைந்த பாதத்தோடு நிற்பவருக்கு அதை நம்பி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு கை தண்ணீரில் இருக்க மறு கை குழாயையோ ஈரச் சுவரையோ பிடித்துவிட்டால் செருப்பு இருந்தும் பயனில்லை. மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போய்விடும். இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மெயினில் ஃபியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே விழும் ஸ்விட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உடம்பில் 1 மில்லி ஆம்பியர் அளவு பாய்ந்தால் சுரீரென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகிப் பிடித்த கை விடாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடுவதால், 230 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியருக்கு மேலேயே பாய இடம் உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பதோ 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் விழுவதைப் பற்றி யோசிக்கவே தொடங்கும். அது வயரைக் காப்பாற்ற வைத்தது, மனிதரைக் காப்பாற்ற வைத்ததல்ல.

மனிதரைக் காப்பாற்றுவதற்கென்று உள்ள கருவி ஆர்.சி.சி.பி. (கடைகளில் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் கேட்பார்கள்.) ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்பதை அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால் நொடிக்குள் மெயினைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும் இது வேலை செய்யும், ஆனால் கசிவு யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போன பிறகே அதற்குத் தெரியவரும்; எர்த் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே, பழுதான ராடைச் செருகிய நிமிடத்திலேயே விழுந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். இன்னும் விலை கூடிய ஹீட்டர் வாங்கினால் பிரச்சினை தீருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் அப்படித்தான் சொல்லுவார். தீராது. கையில் இருக்கும் பணத்தை முதலில் எர்த்துக்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கும் செலவிடுங்கள், மிச்சம் இருந்தால் ஹீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் வேலை கோணலாகப் போகிறது. முதலில், வீட்டுக்கு எர்த் குழி இருக்கிறதா, இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு 100 வாட் குண்டு பல்பைப் பிடித்தால் அது முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ எர்த் சரியில்லை. இந்தச் சோதனையை அவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் அல்ல. சிலர் குழி தோண்டும் வேலைக்குச் சோம்பி, சாக்கெட்டின் உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, பல்ப் எரிகிறது பாருங்கள் என்று காட்டிவிட்டுப் போவார்கள். இதைவிட எர்த் இல்லாமல் இருப்பதே மேல். எங்காவது நியூட்ரல் அறுந்துவிட்டால், கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஹீட்டர் ஆகியவற்றின் உலோக உடம்பு முழுவதிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

புதிதாகக் குழி போடுவதானால், குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்குவது வழக்கம். நம் குமரி மாவட்டத்தில் இடத்துக்கு இடம் மண் மாறுகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் வெட்டுக்கல்லும் செம்மண்ணும். மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்து இறங்கிவிடும், மாசி பங்குனியில் குழி காய்ந்து எர்த்தின் தடை ஏறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கிணற்றடி அல்லது துணி துவைக்கும் இடம் போல எப்போதும் ஈரம் இருக்கும் இடத்துக்கு அருகில் குழியை அமைப்பதும், வெயில் காலத்தில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் நல்லது. நாஞ்சில் நாட்டு வயலோரத்து வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கடற்கரை மணலில் மேல்மண் காய்ந்து கிடந்தாலும் சற்று ஆழத்திலேயே ஈரம் கிடைத்துவிடும். ஆனால் உப்புக் காற்றில் குழாயும் நட்டும் துருப்பிடித்து இணைப்பு விட்டுப்போவது அங்கே சீக்கிரம் நடக்கும்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகு பழைய வீடுகளில் அது அடிக்கடி விழுவதுண்டு. பெரும்பாலும் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் கலந்திருக்கும், அல்லது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதைத் தேடிப் பிரிப்பதற்கு அரை நாள் வேலை பிடிக்கும். அந்த அரை நாளுக்குப் பதிலாக ஆர்.சி.சி.பி.யையே தாண்டி நேரடியாக இணைத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கருவியின் முகப்பில் ‘டி’ என்று எழுதிய ஒரு சிறு பட்டன் இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

அடுத்து பிளக் பாயின்ட். 1500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். படுக்கையறையில் இருப்பது ஃபேனுக்கும் லைட்டுக்கும் பக்கத்தில் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட். வித்தியாசம் அரை ஆம்பியர்தானே என்று தோன்றும். ஆனால் இருபது நிமிடம் விடாமல் இழுக்கும்போது, தளர்ந்த தகடுகளும் கன்வெர்ட்டரும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் ஒவ்வொரு இணைப்பிலும் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, கருகிய வாடை வரத் தொடங்கும். உங்கள் கன்வெர்ட்டர் பிளக்கை உருவி அதன் பின்களைப் பாருங்கள்; கறுத்திருந்தால் நான் சொல்வது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைப் பின்பக்க வராந்தாவின் சுவரில், மழைச்சாரல் படாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். குளியலறைக்குள் வேண்டாம். ஹீட்டரின் பிளக் நேராக அதில் போக வேண்டும். நடுவில் பெட்டியோ கன்வெர்ட்டரோ இருக்கக் கூடாது. வாளியை வராந்தாவிலேயே வைத்துச் சூடாக்கி, பிளக்கை எடுத்த பிறகு குளியலறைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தூக்கிச் செல்ல வேண்டியிருப்பதால் கொதிக்க விடக் கூடாது, தடுக்கினால் வெந்துபோகும். 

இப்போது உங்களிடம் இருக்கும் ராடுக்கு வருவோம். எர்த் இல்லாத இடத்தில் நல்ல ராடும் சிறிது சுரீரெனும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் உங்கள் ராடு கெட்டது என்று இங்கிருந்தே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வயர்மேனிடம் மெக்கர் இருந்தால் பின்னுக்கும் குழாய்க்கும் இடையே காப்புத் தடையை அளந்து சொல்லிவிடுவார். அவரிடம் அந்தக் கருவி இல்லாவிட்டாலோ, குழாயில் புள்ளி புள்ளியாக அரிப்போ புடைப்போ தெரிந்தாலோ, கைப்பிடிப் பக்கத்து மூடி விரிந்திருந்தாலோ யோசிக்காமல் புதிது வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதனோடு ஐ.எஸ். 368 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பெட்டியில் அல்ல, ஹீட்டரின் மேலேயே பாருங்கள். ராடை ஒரு வருடம் பரணில் போட்டுவிட்டு அடுத்த மழைக்காலத்தில் எடுத்துப் போடுவது நம் பக்கத்து வழக்கம். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது, மேல்மூடியின் அடைப்பு லேசாக விட்டிருந்தாலும் அப்படி வைத்த ராடு முதல் நாளே கசியும். இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டையும் வாங்கும் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள குளோரைடு ராடின் உலோகத்தை அரிக்கும், மற்ற ஊர்களில் பல வருடம் வரும் ராடு அங்கே அவ்வளவு நாள் வருமென்று எண்ண வேண்டாம். ராடின் மேல் வெள்ளையாகக் காறை படிந்தால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ சற்று நேரம் ஊறப் போட்டுத் துடைத்தெடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

உபயோகிக்கும் முறையில் நான் வற்புறுத்துவது வரிசையைத்தான். வாளியில் தண்ணீரை நிரப்பி, ராடைத் தண்ணீருக்குள் வைத்து, குறைந்த அளவு, கூடிய அளவு என்று அதில் போட்டிருக்கும் இரண்டு கோடுகளுக்கும் இடையில் தண்ணீர் மட்டம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகே பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட வேண்டும். முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, ராடு தண்ணீரிலேயே சிறிது ஆறிய பிறகு எடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஸ்விட்ச் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் ராடு பழுக்கக் காய்ந்து, வாளியை உருக்கி, பக்கத்தில் கிடப்பதில் தீப்பிடிக்க வைத்துவிடும். இந்த ராடில் சூட்டைக் கண்டு தானே நிற்கும் வசதி இல்லை. நீங்கள் மறந்தால் தண்ணீர் கொதித்து வற்றி, கடைசியில் இதே இடத்துக்கு வந்து சேரும். எனவே ஹீட்டர் ஓடுகிற நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கு வயதுப் பேரன் இருக்கும் வீட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. வாளி கனமான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வாயின் குறுக்கே ஒரு காய்ந்த கம்பை வைத்து ராடை அதில் தொங்கவிட்டால், பக்கத்திலும் அடியிலும் படாமல் நிற்கும்.

விரல் விடாமல் சூடு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 20 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 1500 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி 17 நிமிடம். வாளியிலும் காற்றிலும் போகும் சூட்டையும் சேர்த்தால் 20 நிமிடம். இரண்டு மூன்று நாள் பார்த்தால் உங்கள் வாளிக்கு எத்தனை நிமிடம் என்பது பிடிபட்டுவிடும். சூடான தண்ணீர் மேலே ஏறி நிற்கும் என்பதால் மேல் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போதே ராடின் நுனிக்குக் கீழே உள்ளது பச்சைத் தண்ணீராகவே இருக்கக்கூடும். பிளக்கை எடுத்து, ராடையும் வெளியே எடுத்த பிறகு, கம்பால் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாலையில் நேரம் கூடுவதற்குக் காரணம் வோல்டேஜ் குறைவது. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது; 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால் 1500 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 1020 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும், 17 நிமிட வேலைக்கு 25 நிமிடம் ஆகும். ஹீட்டரில் குறை ஒன்றும் இல்லை, கரண்ட் செலவும் இதனால் பெரிதாகக் கூடாது. ஒரு வாளிக்கு அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். தாய்க்கும் பிள்ளைக்குமாக நாளொன்றுக்கு இரண்டு வாளி என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 60 யூனிட் அளவு கூடும்.

செம்பு அண்டாவில் இலைகளோடு ராடைப் போடலாமா என்றால், கூடாது. செம்பு மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம். ராடு கசிந்தால் அண்டா முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும், அதை ஈரத் தரையில் நின்று இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவார்கள். இலைகளும் பட்டைகளும் ராடில் ஒட்டிக் கருகி, அந்த இடத்தில் சூடு தேங்கி, குழாய் வெடிக்கவும் வழியாகும். வேது வெள்ளத்தை விட வேண்டியதில்லை. இலைகளை அடுக்களையில் ஒரு சிறு பாத்திரத்தில் கேஸில் கொதிக்க வைத்து, வடிகட்டிய கஷாயத்தை வாளியில் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கும் வெந்நீரில், ராடை எடுத்த பிறகு, கலந்துகொள்ளுங்கள். இலையின் சாரம் இறங்குவது அந்தக் கொதியில்தான். மீதி இருபது லிட்டரையும் இலையோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டிய கட்டாயம் இல்லை. பிரசவமானவர்களுக்கு மிகக் கடுஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது, குறிப்பாகத் தையல் போட்டிருந்தால்.

கரண்டில் காய்ந்த தண்ணீருக்கும் விறகில் காய்ந்த தண்ணீருக்கும் வேறுபாடு இல்லை. மின்சாரம் தண்ணீரில் தங்குவதில்லை. முடி கொட்டுவதற்கு ஹீட்டர் காரணமல்ல. குழந்தைக்குப் பார்க்க வேண்டியது சூடு ஒன்றைத்தான். உடம்புச் சூடான 37 டிகிரி அளவில் இருந்தால் போதும். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சில நொடிகளில் வேகவைத்துவிடும், குழந்தையின் தோலுக்கு அதைவிடக் குறைவு போதும். குழந்தையின் பாத்திரத்தில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் விட்டு, பிறகு வெந்நீரைச் சேர்த்து, முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

இடிமின்னல் நேரத்தில், ஐப்பசி கார்த்திகை மாலைகளில் இது அடிக்கடி வரும், ஹீட்டரைப் போட வேண்டாம். பிளக்கையும் எடுத்து வையுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு, 108-ஐ அழையுங்கள். கீசர் வைக்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். தண்ணீர் சேமித்துச் சூடாக்கும் வகையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி இருப்பதால் ராடைவிட அது நல்லதுதான், ஆனால் அதற்கும் இதே எர்த், இதே ஆர்.சி.சி.பி., இதே தனி லைன் வேண்டும். இப்போது செய்யும் வேலை வீண்போகாது.

கடைசியாக, பழைய ராடை மாற்ற நேர்ந்தால் அதை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வயரை ராடின் தலைப்பக்கம் ஒட்ட வெட்டிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறது என்று வேறொரு வீட்டார் எடுத்துச் செருகிவிடுவார்கள்.